சிவப்பு போகட்டும், மஞ்சளைப் பாருங்கள்

கேள்வி: ஒக்டோபரில் ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் போகிறேன். இலையுதிர்காலத்தில் மலைப்பாதையில் கொஞ்சம் நடக்க ஆசை. படங்களில் பார்த்தால் இலையைவிடச் சனம்தான் அதிகம். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. அமைதியாகப் பார்க்க வழி இருக்கிறதா?
– ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: இருக்கிறது அக்கா.

முதலில் மலைக் கதையை முடித்துவிடுவோம். ஒன்ராறியோ மாகாணத்தின் மிக உயர்ந்த இடமே 693 மீற்றர்தான். நம் பிதுருதலாகல 2524 மீற்றர். அங்கே நீங்கள் ஏறப்போவது குன்றுதான், முழங்கால் சந்தோஷப்படும்.

ரொறன்ரோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் அல்கொன்குவின் பூங்கா. 1893இல் உருவானது. உள்ளே 60ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. பெரும்பாலான நடைபாதைகள் அந்தச் சாலையை ஒட்டித்தான் தொடங்கும். சனமும் அங்கேதான். சர்க்கரை மேப்பிள் மரங்கள் செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் செக்கச்செவேலென்று நிற்கும்போது எல்லோரும் கிளம்பி வருகிறார்கள். அந்தச் சனி, ஞாயிறுகளில் வாகன அனுமதிச் சீட்டே கிடைக்காது. ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை அங்கே நன்றி நவிலல் நாள் விடுமுறை. அந்த வார இறுதியில் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள், மகன் என்ன சொன்னாலும் சரி.

அதற்கு அடுத்த வாரம் போங்கள். மேப்பிள் கொட்டியிருக்கும், வந்த கூட்டமும் கலைந்திருக்கும். ஆஸ்பென் மரங்கள் இன்னும் மஞ்சளாக நிற்கும். பிறகு தமராக் என்ற மரத்தின் முறை. ஊசியிலை மரம்தான், ஆனால் குளிருக்கு முன் ஊசியெல்லாம் பொன்னிறமாகிக் கொட்டிவிடும். 'ஸ்ப்ரூஸ் பொக்' என்ற பாதையில் சதுப்பின் மேல் பலகை போட்டிருக்கிறார்கள். 1.5 கிலோமீற்றர், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கொத்துக் கொத்தாக இருக்கும் ஊசிகளைத் தொட்டுப் பாருங்கள், குத்தாது. காற்றடித்தால் தலைமயிரிலும் ஸ்வெற்றரிலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கை, வீட்டுக்கு வந்த பிறகும் பின்னலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மேப்பிளைவிட இதுதான் பிடித்தது. தங்கை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உயரத்திலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் 'லுக்அவுட்' பாதை இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் செங்குத்து. போவதற்கு முன் கோணேசர் கோயில் ஏற்றத்தை நிற்காமல் ஏற முடிகிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். (கோட்டைக்குள் மான் பார்க்க நிற்பது கணக்கில் சேராது.) ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம், அதிலும் ஈர இலை வழுக்கும். அடி பிடிக்கும் சப்பாத்தும் ஒரு ஊன்றுகோலும் வேண்டும். விடியக் குளிர் கடுமையாக இருக்கும், கையுறையை மறக்காதீர்கள்.

மகனிடம் வார நாளில் ஒரு லீவு கேளுங்கள். செவ்வாய், புதன் நல்லது. அவர் லீவு இல்லை என்றால் மருமகளிடம் கேளுங்கள்.

கேள்வி: நம்மூரில் ஏன் இலைகள் அப்படி நிறம் மாறுவதில்லை?
– ஒரு மாணவன், நிலாவெளி

பதில்: அங்கே பகல் குறுகிக் குளிர் வந்ததும் மரம் இலையிலுள்ள பச்சையத்தைக் கலைக்கிறது, தம்பி. மஞ்சள் நிறமி முன்பே இலைக்குள் இருந்ததுதான். பச்சை போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, பெரும்பாலும் அந்த நாட்களில்தான் உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் நிறம் தூக்கலாக வரும். நமக்கு அந்தக் குளிர் இல்லை. ஆனால் கடற்கரையில் நிற்கும் நாட்டு வாதுமையைக் கவனித்ததில்லையா? இலை விழுமுன் நன்றாகவே சிவக்கும். ஒன்று இன்றைக்கு, பக்கத்து மரம் அடுத்த மாதம் என்று தன்பாட்டுக்கு உதிர்ப்பதால் பார்க்கக் கூட்டம் சேருவதில்லை.