வேரா மென்சிக் கிண்ணம்

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சதுரங்கம் பழக்கி மறைந்த ஆசிரியை ஒருவரின் பெயரில், முன்னாள் மாணவர்கள் சுழற்கிண்ணம் ஒன்றை ஏற்படுத்த இருக்கிறோம். சதுரங்க உலகில் ஒரு பெண்ணின் நினைவாக வழங்கப்படும் கிண்ணம் உண்டா? அதன் வரலாற்றைப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறோம்.
– வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: உண்டு. சதுரங்க ஒலிம்பியாட்டின் மகளிர் பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு வேரா மென்சிக் கிண்ணம் வழங்கப்படுகிறது. 1906இல் மாஸ்கோவில் செக் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த வேரா, 1921இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகருக்கு வந்து, அவ்வூர்ச் சதுரங்க மன்றத்தில் சேர்ந்து, ஹங்கேரிய வீரர் கேசா மரோட்சியிடம் பாடம் கேட்டவர். 1927இல் லண்டனில் முதல் ஒலிம்பியாட்டோடு சேர்த்து நடத்தப்பட்ட போட்டியில் வென்று மகளிருக்கான முதல் உலகப் பட்டத்தைப் பெற்ற அவர், இறக்கும்வரை அதை எவரிடமும் இழக்கவில்லை.

பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டியது, 1929இல் கார்ல்ஸ்பாட் நகரில் முன்னணி வீரர்களுக்கு நடுவே அவர் ஒரே பெண்ணாக ஆடிய கதைதான். இவரிடம் தோற்பவர்களுக்கென்று 'வேரா மென்சிக் மன்றம்' ஒன்றைத் தொடங்கலாம் என்று ஏளனம் செய்த வியன்னா வீரர் ஆல்பர்ட் பெக்கரே, தோற்று அதன் முதல் உறுப்பினரானார். பின்னாளில் உலகப் பட்டம் வென்ற மாக்ஸ் யூவும், பஞ்சாபிலிருந்து சென்று பிரிட்டிஷ் பட்டத்தை மூன்று முறை வென்ற மீர் சுல்தான் கானும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவர்களே. எத்தனை பெரிய ஆட்டக்காரர்களை அவர் வீழ்த்தினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1944 ஜூன் மாதம், லண்டனில் அவர் குடியிருந்த வீட்டின்மீது ஜெர்மானியப் பறக்கும் குண்டு விழுந்ததில், தாயோடும் தங்கை ஓல்காவோடும் அவர் உயிரிழந்தார், வயது 38. மகளிருக்கெனத் தனி ஒலிம்பியாட் 1957இல்தான் நெதர்லாந்தின் எம்மன் நகரில் தொடங்கியது. முதலில் வென்றது சோவியத் அணி. 2024இல் புடாபெஸ்ட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் இருந்தார் என்பதையும் பெண்பிள்ளைகளிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கிண்ணத்தின் பீடத்தில் ஆசிரியையின் பெயரோடு அவர் பணியாற்றிய ஆண்டுகளையும் பொறித்து, வெற்றியாளர் பெயர்களுக்கு இடம் விடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதைப் பெற்றுக்கொள்பவரிடம் பள்ளிப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதும் நல்லது. 2022 ஒலிம்பியாட்டில் பொது, மகளிர் ஆகிய இரு பிரிவுகளின் கூட்டுத் திறனுக்காக இந்தியா பெற்ற, ஜார்ஜிய வீராங்கனை நோனா கப்ரிந்தாஷ்விலி பெயரிலான கிண்ணம், 2024இல் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் காணாமற்போயிருந்தது.