இரவு ஏவுதலைப் பார்க்க முன்பதிவில்லாமல் போகலாமா?

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டாவில் அன்றிரவு ராக்கெட் ஏவப்போகிறார்கள் என்று மாலைச் செய்தியில் பார்த்ததும், என் மகனும் அவன் நண்பர்களும் உடனே காரில் புறப்பட வேண்டும் என்று துடித்தார்கள். முன்பதிவு இல்லாமல் போய் என்ன பார்ப்பீர்கள் என்று தடுத்துவிட்டேன். அடுத்த முறை அனுப்பலாமா?
– வாசகி, பெரம்பூர்.

பதில்: தாராளமாக அனுப்புங்கள். ஆனால், ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குள் நுழையும் எண்ணத்தை மட்டும் கைவிடச் சொல்லுங்கள். அங்கே 2019-இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மாடத்துக்கு, இஸ்ரோவின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்குத்தான் அனுமதி.

செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் சென்றால் சூலூர்பேட்டையை அடையலாம். ஏவுதளம் அங்கிருந்து நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பகல் ஏவுதல் என்றால் இந்தத் தூரம் ஒரு குறைதான், இரவில் அப்படியன்று. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் அலுமினியத் தூள் கலந்த திட எரிபொருள் 139 டன் அளவுக்கு நிரப்பப்பட்டிருக்கிறது. அது இரண்டு நிமிடங்களுக்குள் எரிந்து தீர்வதால் எழும் செம்மஞ்சள் வெளிச்சம், பழவேற்காடு ஏரிக்கு இப்பாலும் தெளிவாகத் தெரியும். ஓசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி எடுத்துக்கொள்வதால், ராக்கெட் வெகு உயரம் போன பிறகே, அதாவது ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்தே, சூலூர்பேட்டையில் அதன் முழக்கம் கேட்கும். அதற்குள் கைதட்டிவிட்டுக் காருக்குள் ஏறிவிடுபவர்கள் பாதியைத்தான் பார்த்தவர்கள் என்பேன். தெற்கே பழவேற்காடு ஊரிலிருந்தும் பார்க்கலாம். தூரம் கூடுவதால் ஓசை இன்னும் தாமதமாகவும் மெலிதாகவும் வரும்.

கிளம்புவதற்கு முன்பும் வழியிலும் இஸ்ரோவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களுடன் இரவு 9.58-க்குப் புறப்பட இருந்த ராக்கெட் 10 மணிக்கு மாற்றப்பட்டது. இரண்டு நிமிடம்தானே என்று விட்டுவிடலாம். சந்திரயான்-2 விஷயம் வேறு. 2019 ஜூலை 15 அதிகாலை 2.51-க்குக் குறிக்கப்பட்டிருந்த அந்த ஏவுதல், குடியரசுத் தலைவரே நேரில் வந்து காத்திருந்தும், 56 நிமிடங்களுக்கு முன்பு நிறுத்தப்பட்டு, ஒரு வாரம் கழித்துப் பட்டப்பகலில் நடந்தது. ஏவுதல் நின்றுபோனாலும் பயணம் வீணில்லை என்று நினைக்கும் நண்பர்களோடு போவதே உத்தமம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகமும் குறுக்கிடும். சில நொடிகளில் ராக்கெட் அதற்குள் மறைந்துவிடக்கூடும்.

நீங்கள் மொட்டை மாடியில் வடக்கு நோக்கி நின்றால், வானம் தெளிவாக இருக்கும் பட்சத்தில், மேலேறும் ஒளிப்புள்ளியைப் பார்க்கலாம். மகனிடம் நீங்கள் கண்டிப்புக் காட்ட வேண்டியது திரும்பும் பயணத்தில்தான்: நள்ளிரவில் அந்தச் சாலையில் கனரக லாரிகள் அதிகம் என்பதால், காரோட்டப் போகிறவர் அன்று பகலில் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மாற்றி ஓட்ட இன்னொருவர் உடன் இருக்க வேண்டும்.