சோற்றுப் பானையும் சம்பளக் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரவு 9.30-க்குக் குடும்ப ஜெபம் வைக்கிறோம். முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 11 வயது மகனும் 6 வயது மகளும் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள். எழுப்பினால் அழுகை, விட்டுவிட்டால் மாமியாருக்குக் கோபம். என்ன செய்வது?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: 9.30 என்பது பெரியவர்களின் வேலையெல்லாம் முடிந்து மிஞ்சுகிற நேரம். பிள்ளைகளுக்கு அது தூங்குகிற நேரம். சோறு வடித்து வைத்ததும், தட்டு எடுப்பதற்கு முன், எட்டு மணிக்குள் உட்காருங்கள். எல்லாருக்கும் பசிக்கும் என்பதால் ஜெபத்தை யாரும் நீட்ட மாட்டார்கள். இந்த ஒரு மாற்றமே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

மொத்தம் 12 நிமிடம் போதும். கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும் பாட 2 நிமிடம். வேத வாசிப்பு 3 நிமிடம், ஆளுக்கு இரண்டிரண்டு வசனமாக. சின்னவள் எழுத்துக் கூட்டி ஒரு வசனம் வாசித்தாலே போதும், திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். வாசித்ததைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, 2 நிமிடம். ஆளுக்கு ஓரிரு வரியாக ஜெபம் 4 நிமிடம். எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்க 1 நிமிடம்.

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வாசிக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்துக்குப் பிறகு நின்றுவிடுகின்றன. ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, பாதம், திரை என்று அளவுகளாகவே போகும்; பிள்ளைகளுக்கு அங்கே பிடிமானம் கிடைக்காது. மாற்கில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். நாளுக்குச் சுமார் 15 வசனம் என்றால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். கேள்வி கேட்கும்போது "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்டால் பிள்ளைகள் "கீழ்ப்படிய வேண்டும்" என்று ஒரே பதிலை மனப்பாடமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். மாற்கு 4-இல் புயலடிக்கும்போது இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். "அவ்வளவு அலையில் எப்படித் தூக்கம் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் பேசுவார்கள்.

இன்னொன்று. "ஆண்டவரே, இவன் செல்போனைத் தொடாதபடி கிருபை செய்யும்" என்று ஜெபத்துக்குள் திட்டு நுழைந்துவிடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் எதிர்த்துப் பேச முடியாது என்று தெரிந்தே திட்டுவது அது. மகனிடம் சொல்ல வேண்டியதை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மாமியாரிடம் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கி வைக்கிற பொறுப்பைக் கொடுங்கள். அவர்களுடைய நீண்ட ஜெபத்துக்கு விடியற்காலை இருக்கிறது.

கேள்வி: மொத்தச் சம்பளம் ரூ.38,000. பிடித்தம் போகக் கைக்கு வருவது ரூ.34,000. தசமபாகத்தை எதில் கணக்கிடுவது? கடன் தவணை மாதம் 11,000, அம்மாவின் மருந்துக்கு 4,000 போகிறது. மருந்துச் செலவைத் தசமபாகத்தில் கழித்துக்கொள்ளலாமா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: மருந்தைக் கழிக்காதீர்கள். அது காணிக்கை அல்ல, பிள்ளையின் கடமை. அதேபோல் காணிக்கையைக் காரணம் காட்டி மருந்தையும் குறைக்காதீர்கள். "கொர்பான்" (கடவுளுக்குக் காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கோவில் கணக்கில் காட்டியவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7-இல் இருக்கிறது.

38,000-த்தில் பத்தில் ஒன்று 3,800. 34,000-த்தில் 3,400. வித்தியாசம் 400 ரூபாய்தான். மொத்தச் சம்பளத்துக்கு இப்போதே கொடுத்துவிட்டால், பி.எஃப். பணம் கைக்கு வரும் நாளில் அதன் வட்டிக்கும் கம்பெனி போட்ட பங்குக்கும் மட்டும் கொடுத்தால் போதும். கைக்கு வருவதற்கே கொடுப்பதென்றால், பி.எஃப். வரும்போது முழுத்தொகைக்கும் கொடுங்கள். இரண்டும் நேர்மையான கணக்குத்தான். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மாற்றாமல் இருங்கள்.

உங்கள் நிலைமையில் பெரிய கேள்வி கடன்தான். தவணையும் மருந்தும் போனால் மீதி 19,000. அதில் 3,400 எடுத்துவிட்டு 20-ஆம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டைத் தேய்த்தால், காணிக்கை கொடுத்தது நீங்கள் அல்ல, வங்கி. அதற்கு வட்டியும் கட்டுவீர்கள். ஒருவனிடம் இல்லாததை அல்ல, இருப்பதை வைத்தே கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. இப்போது 1,000 என்று தொடங்குங்கள். ஒரு கடன் முடிந்த மாதமே அந்தத் தவணையில் பாதியைக் காணிக்கையோடு சேர்த்துவிடுங்கள். அந்த மாதம் தவறினால் பணம் வேறு செலவுக்குப் பழகிவிடும். சம்பளம் வந்த அன்றே தனிக் கவரில் எடுத்து வையுங்கள். ஜிபே, போன்பே என்றால் சபையின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், யாருடைய சொந்த எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை.

மல்கியா 3:10-ஐச் சொல்லி, கொடுத்தால் பல மடங்கு திரும்பி வரும் என்று பிரசங்கிப்பவர்கள் வசனத்தின் பின்பாதியில்தான் நிற்பார்கள். முன்பாதி, ஆலயத்தில் ஆகாரம் இருக்கும்படி பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிறது. பேச்சு தானியத்தைப் பற்றியது. உபாகமம் 14-இன்படி மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. உங்கள் ஆயிரத்தில் 300 ரூபாயைத் தெருவில் உள்ள ஒரு வீட்டின் அரிசிக்கென்று ஒதுக்கினால் அதுவும் வேதத்துக்கு உட்பட்டதே.

பணமே புரளாத வீடுகளுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: பிடியரிசி. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் களைவார்கள். ஒரு பிடி சுமார் 40 கிராம். இரண்டு வேளைக்கு 80 கிராம், மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. மிசோரம் சபைகள் நூறு ஆண்டுக்கும் மேலாக இதே முறையில் அரிசி சேர்த்து விற்று ஊழியத்தைத் தாங்கி வருகின்றன. பானையைச் சமையல் மேடையிலேயே வையுங்கள். பரணில் வைத்தால் மூன்றாம் நாளே மறந்துவிடும். மாதம் ஒருமுறை காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் வண்டு விழுந்த அரிசிதான் காணிக்கையாகும்.

கேள்வி: வெளியூர் வேலைக்குப் போனால் சாப்பாட்டுக்கு நாளுக்கு 400 ரூபாய் வரை கேட்கலாம். எனக்கு 250-தான் ஆகிறது. கூட வருபவர்கள் எல்லாம் 400-க்கு பில் வாங்கிப் போடுகிறார்கள்.
(வாசகர், ஓசூர்)

பதில்: கம்பெனி விதியை வாசியுங்கள். நாளுக்கு 400 "படி" என்று இருந்தால் மீதி 150 உங்களுடையது, மனசாட்சியை வருத்திக்கொள்ள வேண்டாம். "ஆன செலவு, உச்சவரம்பு 400" என்று இருந்தால் 250-தான் எழுத வேண்டும். ஓட்டல்காரரிடம் வெற்று பில் கேட்டால், அவரையும் சேர்த்துப் பொய்யில் இழுக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நாங்கள் மட்டும் கிறிஸ்தவர்கள். தீபாவளிப் பலகாரம் வருகிறது, சில நாள் கோவில் பிரசாதமும் வருகிறது. வாங்கலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். தீபாவளி முறுக்கும் அதிரசமும் அக்கம்பக்கத்துப் பாசம். வாங்கி, சாப்பிட்டு, நன்றாக இருந்ததென்று சொல்லுங்கள். அதைப் படைத்தார்களா இல்லையா என்று துருவ வேண்டாம். கொரிந்துவில் கடையில் விற்ற இறைச்சியைப் பற்றிப் பவுலும் இதையேதான் எழுதினார்: வாங்கிப் புசியுங்கள், விசாரிக்காதீர்கள் (1 கொரிந்தியர் 10:25).

"இது பிரசாதம்" என்று சொல்லியே தருவது வேறு. பவுல் அதே அதிகாரத்தின் 28-ஆம் வசனத்தில், படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் புசியாதிருங்கள் என்கிறார், சொன்னவருடைய மனசாட்சிக்காக. ஆகவே மறுப்பது சரி. ஆனால் மறுக்கிற விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிரித்தபடி வாங்கிக் கதவைச் சாத்தியதும் குப்பையில் போடுவது பொய், அவமதிப்பும்கூட. குப்பைக் கூடையை அவர்கள் பார்க்கவும் கூடும். வாசலிலேயே கையைக் குவித்து, "அக்கா, எங்களை நினைச்சுக் கொண்டுவந்தீங்களே, அதுவே சந்தோஷம். பிரசாதம் நாங்க எடுத்துக்கறதில்ல, தப்பா நினைக்காதீங்க, உள்ள வந்து காபி சாப்பிடுங்க" என்று சொல்லுங்கள். காபியை மறந்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் மறுப்பு மட்டும்தான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கேக் கொடுக்கும்போதும் இதே மரியாதை வேண்டும். பிளம் கேக்கில் முட்டை உண்டு. சைவ வீடுகளுக்குச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கென்று முட்டை சேர்க்காத கேக்கோ, வீட்டில் செய்த கல்கலாவோ தனி டப்பாவில் வையுங்கள். கல்கலா மாவிலும் சிலர் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சபையில் நெருங்கிய சகோதரர் 3 லட்சம் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். "பவுல் ஒநேசிமுவுக்காக நிற்கவில்லையா?" என்கிறார்.
(வாசகர், திருச்சி)

பதில்: பவுல் நின்றார். எப்படி நின்றார் என்று பாருங்கள். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில், அவருடைய அடிமை ஒநேசிமுவால் ஏற்கெனவே ஏற்பட்ட நஷ்டத்துக்கு, "நானே செலுத்துவேன்" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அடுத்தவர் கட்டிவிடுவார் என்ற நம்பிக்கையில் போட்ட கையெழுத்து அல்ல அது. நீதிமொழிகளோ இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது: கொடுக்க உனக்கு ஒன்றும் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவார்கள் (22:26, 27).

சட்டமும் அதையே சொல்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-இன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று வங்கியிடம் நீங்கள் சொல்ல முடியாது. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும், நாளை உங்கள் வீட்டுக் கடன் சிக்கும். கடன் பட்டுவாடா ஆன பிறகு, மனம் மாறிவிட்டது என்று கையெழுத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

3 லட்சம், 14 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 10,250. "இந்தத் தொகையை மூன்று வருடம் நானே கட்ட முடியுமா, கட்டிவிட்டு அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார முடியுமா?" இரண்டுக்கும் ஆம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால், இழந்தாலும் தாங்குகிற தொகை எதுவோ, 10,000 ஆகட்டும் 20,000 ஆகட்டும், திரும்பக் கேட்காமல் கொடுத்துவிடுங்கள். "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று இரண்டு மாதம் இழுக்காதீர்கள். அவர் வேறு வழி தேடுகிற நேரத்தை நீங்கள் தின்றுவிடுகிறீர்கள்.

கேள்வி: வயது 61, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். லெந்து நாட்களில் மதியம் வரை உபவாசம் இருக்க ஆசை.
(வாசகி, வேலூர்)

பதில்: எந்த மாத்திரை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஏறும். மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தாலோ, கருவியில் 70-க்குக் கீழே காட்டினாலோ உபவாசம் அந்த நிமிடமே முடிந்தது: மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நேரத்தை நிறைவேற்ற வேண்டும் என்று தாக்குப்பிடிப்பதில்தான் ஆபத்து வருகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் நோன்பு 18 முதல் 59 வயது வரைதான் கடமை. உடல்நலமில்லாதவர்களுக்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு. லெந்து என்பது சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. அந்த 40 நாளும் மாலை டீயையும் வடையையும் விட்டு, நாளுக்கு 30 ரூபாய் உண்டியலில் போட்டால் 1,200 ரூபாய் சேரும். பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்று ஏசாயா 58 கேட்கிற உபவாசம் இதற்குள் அடங்கும். நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டே இதைச் செய்யலாம்.

கேள்வி: பத்தாயிரம் ரூபாய் கைமாற்று விஷயத்தில் சபையில் ஒருவரோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. வாங்கியது நான்தான், திருப்பிக் கொடுக்கத் தாமதித்து, பிறகு வீம்பில் விட்டுவிட்டேன். வரும் ஞாயிறு திருவிருந்து.
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஞாயிறுக்கு முன்பே போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்பது மத்தேயு 5:23, 24. தனியாகப் போங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் இதை நான்கு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதும் வேண்டாம். புறணிக்குச் சபையில் வைத்திருக்கும் கௌரவமான பெயர் அது.

அவர் வீட்டில் விருந்தினர் இல்லாத நேரமாக, மாலை ஆறு ஏழு மணிக்குப் போங்கள். "நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க" என்று தொடங்காதீர்கள். "இருந்தா" என்ற சொல் தப்பை அவர் தலையில் திருப்பி வைக்கிறது. "உங்ககிட்ட பத்தாயிரம் வாங்கினேன், சொன்ன தேதியில தரலை, அப்புறம் உங்களைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அது தப்பு" என்று செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டில் இருந்த கஷ்டத்தை அவராகக் கேட்டால் ஒழிய எடுக்காதீர்கள். உடனே அவர் முகம் மலராமல் போகலாம். அதையும் ஏற்றுக்கொண்டு திரும்புங்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது. வஞ்சித்து வைத்துக்கொண்டதைத் திருப்பும்போது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்கிறது லேவியராகமம் 6. உங்கள் கணக்கில் அது 12,000. முழுத்தொகையும் இல்லையென்றால் இருப்பதைக் கொண்டுபோங்கள். மீதி எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவர் "கூடுதல் வேண்டாம்" என்றால் ஒருமுறை வற்புறுத்துங்கள், மறுபடியும் மறுத்தால் விட்டுவிடுங்கள். பணத்தை அவர் எதிரிலேயே எண்ணிக் கொடுங்கள்.