மாடித் தோட்டத்தில் புது நிறக் குட்டைச் செம்பருத்தி உருவாக்க முடியுமா?

சென்னையில் மொட்டை மாடித் தொட்டியில் செம்பருத்தி வளர்ப்பவர் கேட்டிருக்கிறார்: புது நிறத்தில், குட்டையாகப் புதர்போல் வளரும் ரகத்தை வீட்டிலேயே உருவாக்கலாமா?

தாராளமாக. ஒட்டு ஹைபிரிட் செடிகளின் விதையில் தாய்ச்செடி அப்படியே திரும்பி வராது. ஒரே காயின் பத்து விதையும் பத்து விதமாகப் பூக்கும். நிறம் அதனால் கிடைத்துவிடும். குட்டை வடிவத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நர்சரிச் செடி குட்டையாக நிற்பது பேக்ளோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி அடக்கியாலும் இருக்கலாம். மருந்தின் வேகம் தணிந்ததும் கணுவிடை, அதாவது இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டு, நீண்டு ஆளுயரம் போகும். ஒரு வருடமாவது உங்கள் மாடியில் இருந்து, கவாத்து செய்யாமலே பக்கக்கிளை விட்ட செடியை மட்டும் பெற்றோராக எடுங்கள்.

மகரந்தம் வைக்க மார்கழி, தை, மாசிதான் காலம். ஐப்பசி மழையில் மகரந்தம் நனைந்து வீணாகும், சித்திரை வெயிலில் பிஞ்சு உதிரும். மறுநாள் விரியவிருக்கும் மொட்டை முதல் நாள் மாலையே கீறி, நடுத்தண்டைச் சுற்றியுள்ள மகரந்தப் பைகளை நறுக்கிவிட்டு வலைப்பையால் மூடுங்கள். இல்லையென்றால் தேன்சிட்டும் எறும்பும் வேறு மகரந்தத்தைச் சேர்த்துவிடும். காலையில் தந்தைப் பூவின் மகரந்தம் பஞ்சாகப் பொங்கி, தொட்டால் ஒட்டும்போது, தாய்ப்பூவின் நுனியிலுள்ள ஐந்து குமிழிலும் தடவுங்கள். அடுக்குப் பூவில் மகரந்தப் பைகள் இதழாக மாறியிருப்பதால் மகரந்தம் சொற்பம். அதைத் தாயாக வைப்பதே வசதி. எதோடு எதைச் சேர்த்தீர்கள் என்று செடியில் கட்டும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், மார்க்கர் எழுத்து வெயிலில் வெளுத்துவிடும்.

காய் பழுப்பாகி வெடிக்க 6 முதல் 8 வாரம். வெடித்தால் விதை சிதறும், வலைப்பை அதுவரை இருக்கட்டும். விதையின் கூர்முனையைத் தொடாமல் அகன்ற பக்கத்தை நகவெட்டியால் லேசாகச் சீவி, ஈரத்துணியில் வையுங்கள். முளைத்ததும் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மணலும் சமமாகக் கலந்து 1 செ.மீ. ஆழத்தில் நடலாம். தண்ணீர் தேங்கினால் நாற்று மண்மட்டத்தில் அழுகிச் சாயும்.

பூக்க 9 முதல் 18 மாதம் ஆகும். முதல் பூவைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. சிவப்பு, இளஞ்சிவப்பு தரும் ஆந்தோசயனின் நிறமி கடும் வெப்பத்தில் குறையும். மஞ்சள், ஆரஞ்சு தரும் கரோட்டினாய்டு அவ்வளவாகக் குறையாது. தை மாதத்தில் செம்பழுப்பாகப் பூத்த செடி சித்திரையில் வெறும் மஞ்சளாக நிற்கலாம். இரண்டு பருவத்திலும் அதே நிறம் தருகிறதா, மொட்டு உதிர்க்கிறதா, மாவுப்பூச்சி அதிகம் ஏறுகிறதா என்று பார்த்து தேறாதவற்றை இரக்கமில்லாமல் கழித்துவிடுங்கள். ஐம்பது நாற்றில் ஒன்றிரண்டு தேறினாலே நல்ல அறுவடை என்பேன்.

தேறியதை விதையில் பெருக்க முடியாது. பென்சில் தடிமனில் 6 அங்குலக் குச்சி வெட்டி மழைக்காலத்தில் நடுங்கள். வேர்விடாத ரகத்தை நாட்டுச் சிவப்புச் செம்பருத்தியில் ஒட்டுக் கட்டலாம். ஆனால் அந்த வேருக்கு வீரியம் அதிகம், ஒட்டுச்செடி உயர்ந்துவிடக்கூடும். குட்டை ரகம் என்று பெயர் வைக்குமுன் சொந்த வேரில் நிற்கும் செடியையும் பக்கத்தில் வைத்து உயரத்தை அளந்து பாருங்கள்.