ஜெர்மன் ராணுவத்தின் ‘குளியல் தொட்டி’ என்பது என்ன வண்டி?

1930களின் தொடக்கத்தில் வந்த கே.எஃப்.இசட் 13 என்ற இலகு கவச வண்டியின் பட்டப்பெயர் அது. ஆட்லர் நிறுவனத்தின் சாதாரண பயணிகள் காரின் அடிச்சட்டம். அதைச் சுற்றி 8 மி.மீ. இரும்புத் தகடு. மேலே கூரை கிடையாது. உள்ளே ஓட்டுநர், இயந்திரத் துப்பாக்கிக்காரர் என இரண்டே பேர். மேலிருந்து பார்த்தால் அசல் தொட்டியேதான்!

ஏன் இப்படி ஒரு அரைகுறை வண்டி? முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1919 வெர்சாய் ஒப்பந்தம் டாங்கிகளைத் தடை செய்திருந்தது. கையில் காசும் குறைவு. கடையில் கிடைக்கிற காரை வைத்தே வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

வேலை என்னவோ வேவு பார்ப்பதுதான். தேர் புறப்படும் முன் ஒருவர் பைக்கில் தெருவெல்லாம் சுற்றி, எங்கே ஒயர் தாழ்ந்து தொங்குகிறது என்று பார்த்து வந்து சொல்வாரே, அதுபோல. வேடிக்கை என்னவென்றால், பார்த்ததைச் சொல்ல இதில் ரேடியோ இல்லை. ரேடியோ இருந்தது கூடவே வரும் கே.எஃப்.இசட் 14-இல், அதிலோ துப்பாக்கி இல்லை! பின்சக்கரங்கள் மட்டுமே இழுப்பதால் சேற்றில் இறங்கினால் திண்டாட்டம். அப்படியும் 1939இல் போலந்துப் போருக்கு இதை அனுப்பினார்கள்.

கவசம் இருப்பதால் இதைக் குட்டி டாங்கி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தகடு சாதாரணத் துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்கத்தான், பீரங்கிக் குண்டுக்கு அது தாங்காது.