மகளிடம் வாக்குமூலம் வாங்காதீர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கோர்ட் அனுபவங்களை விடாமல் படிக்கிறேன். எனக்கு ஒரு மகள், எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஒரு வருடத்துக்கு மேலாக அவளோடு பிறந்த வீட்டில் இருக்கிறேன். அவர் எங்களை அடித்தவர் இல்லை. ஆனால் சம்பளம் எங்கே போகிறது என்றே தெரியாது. கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கேட்டால் நாள்கணக்கில் பேசமாட்டார். இனி சேர்ந்து வாழ முடியாது. வழக்குப் போடும் முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்? மகள் என்னிடமே இருப்பாளா? அவள் அப்பாவைப் பற்றிச் சொல்வதையெல்லாம் செல்போனில் பதிவு செய்து வைக்கச் சொல்கிறான் என் தம்பி. கேஸ் முடியும்வரை அப்பாவிடம் பேசவே விடாதே என்கிறார் அம்மா. வக்கீல் பீஸுக்கு வளையலை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன். ஊர் என்ன சொல்லுமோ என்றும் பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊர் நாலு நாள் பேசும். அப்புறம் அடுத்த வீட்டுக் கதைக்குப் போய்விடும். அதை விடுங்கள்.

தயார் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, பள்ளிக்கூட ரசீதுகள், உங்கள் வங்கிக் கணக்கு விவரம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கடன்காரர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஜீவனாம்சம் கேட்டால் இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் அத்தனையையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. சம்பளம் எங்கே போனது என்று நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்விக்கு அவர் அங்கே எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அவரும் சரி என்றால் பரஸ்பர சம்மத மனுப் போடலாம். ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும். அதன் பிறகு வரும் ஆறு மாதக் காத்திருப்பையும், தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம். 2017-இல் வந்த தீர்ப்பு அது. மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இப்போது உங்கள் தம்பிக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த வக்கீல் ஆபீஸைக் காலி செய்கிறார்கள். பழைய கட்டுகளைப் பிரித்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தூசி மூக்கிலிருந்து போவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. நான் குமாஸ்தாவாக இருந்தபோது எங்கள் ஊரில் குடும்ப நீதிமன்றம் கிடையாது. விவாகரத்து வழக்கெல்லாம் சப்கோர்ட்டில், கடன் வழக்குக்கும் பாகப்பிரிவினைக்கும் நடுவே நடக்கும். மனு டைப் அடிப்பது நான்தான். ‘எதிர்மனுதாரர் மைனர் குழந்தையின் நலனில் சிறிதும் அக்கறையற்றவர்’ என்ற வரியை எத்தனை மனுவில் அடித்தேனோ! பெயர் மாறும், வரி மாறாது.

ஒருநாள் கோர்ட் வராந்தாவில் எங்கள் வக்கீலிடம் வழக்குக் கொடுத்திருந்தவரின் அப்பா, பேரனைத் தூணோரம் நிறுத்திப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். பையனுக்கு உங்கள் மகள் வயதுதான் இருக்கும். “அம்மாவுக்கு என் நலனில் அக்கறை இல்லை” என்றான். “சிறிதும்” என்று திருத்தினார் தாத்தா. “சிறிதும் அக்கறை இல்லை” என்றான் அவன். நான் அடித்த வரி. எதிர்மனுதாரர் என்று நான் அடித்த இடத்தில் அவன் அம்மாவைப் போட்டிருந்தான், அவ்வளவுதான்.

அந்த அம்மா பத்தடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் தூக்குச்சட்டியோடு. தாத்தா நின்றவரை பையன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் வெற்றிலை துப்ப வெளியே போன நேரம் பார்த்து ஓடினான். ஒரு இட்லியை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டு, சட்டையில் கையைத் துடைத்தபடி மறுபடி தூணோரம் வந்து நின்றுகொண்டான். ஜட்ஜ் அவனைச் சேம்பருக்குள் அழைத்துத் தனியாகப் பேசினார். வெளியே வந்ததும் இரண்டு பக்கத்துச் சொந்தமும் சூழ்ந்துகொண்டு “என்னடா சொன்னே?” என்று பிய்த்தெடுத்தார்கள். “எத்தனாவது படிக்கிறேன்னு கேட்டாங்க” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். அங்கே நின்றவர்களில் புத்திசாலி அவன்தான்.

உங்கள் தம்பி செய்யச் சொல்வதும் அந்தத் தாத்தா செய்ததும் ஒன்றே. தூணுக்குப் பதில் செல்போன். “அப்பா என்ன பண்ணினாரு, சொல்லு பாப்பா” என்று போனை நீட்டினால் எட்டு வயதுக் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசும். நீங்கள் அழுதால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்லும். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் தெரியாமல் பதிந்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் தம்பி எங்கேயோ படித்திருப்பார். அது பெரியவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டதைப் பற்றியது. குழந்தையின் வாயைப் பிடுங்குவதற்கு அதில் அனுமதி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது இந்துக்களுக்கான 1956-ஆம் வருடக் காப்பாளர் சட்டம். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். இனி அம்மாவா அப்பாவா என்று எடுத்த எடுப்பில் யாருக்கும் உரிமை இல்லை, அவளுடைய நலன்தான் கணக்கு. விவரம் தெரிந்த குழந்தையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கவனிக்கலாம் என்று 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தில் இருக்கிறது. கவனிக்கலாம், அவ்வளவுதான். கோர்ட்டும் ஏமாளி இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கைக்குழந்தையாக அம்மாவிடமிருந்து பிரிக்கப்பட்டு அப்பாவிடமே வளர்ந்த பெண் குழந்தை. அம்மாவோடு இருந்து பார்க்கவே அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லி அவளை அம்மாவிடம் அனுப்பினார்கள். வளர்க்கிறவர் குழந்தையின் மனதை மற்றவருக்கு எதிராகத் திருப்புவதைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. அங்கே பாதிக்கப்பட்டது அம்மா. நாளைக்கு உங்கள் கணவர் அதே தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்?

அதனால் உங்கள் அம்மா சொல்வதும் வேண்டாம். குழந்தையைப் பார்க்க, போனில் பேச, வீடியோவில் முகம் பார்க்க என்று கோர்ட் எப்படியும் அவருக்கு உத்தரவு கொடுக்கும். அதற்கு முன்னாலேயே நீங்களாகப் பேசவிடுங்கள். அவர் மோசமான கணவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். மோசமான அப்பா என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? அவர் குழந்தையைக் கை நீட்டியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதற்கு 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது.

கோபம் உங்கள்மேல் இல்லை, தங்கச்சி. ஒரு வருடமாகத் தூங்காமல் இருக்கும் பெண்ணுக்கு யோசனை சொல்ல வருகிறவர்கள் மேல்தான்.

வளையலைக் கழற்ற வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987-ஆம் வருடச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள், இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தம்பியைக் கூட்டிப்போக வேண்டாம்.