முகம் தெரியாதவரோடு அரசியல் பேசலாமா? – வாசகர் கேள்வி பதில்

‘தமிழ்நாடு டெல்லிக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது’ என்று ஃபேஸ்புக்கில் எழுதினேன். யாரோ ஒருவர் ‘பச்சைப் பொய்’ என்றார். மூன்று நாள் சண்டை. கடைசியில் அவர் என்னை ‘200 ரூபா உ.பி.’ (காசுக்குப் பதிவு போடும் தி.மு.க. உடன்பிறப்பு) என்றார், நான் அவரைச் ‘சங்கி’ என்றேன். எங்கே சறுக்கினேன்?
– திருச்சி வாசகர்

முதல் கமென்ட்டிலேயே. 29 பைசா என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே எதை வைக்கிறோம், கீழே எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மேலே மத்திய வரிப் பங்கை மட்டும் வைத்தால் ஒரு விடை. திட்ட நிதியும் மானியமும் சேர்த்தால் இன்னொன்று. கீழே உள்ள ‘கொடுத்த வரி’யிலும் வில்லங்கம் உண்டு. ஆலை சென்னை பக்கத்து ஒரகடத்தில் ஓடினாலும் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தால், அந்த கம்பெனியின் வருமான வரி பெரும்பாலும் மகாராஷ்டிரத்து வசூலாகத்தான் பதிவாகும். நீங்கள் ஒரு கணக்கைச் சொல்ல, அவர் வேறொரு கணக்கை மனதில் வைத்து மறுத்திருக்கிறார்.

‘பொய்’ என்று ஒருவர் சொன்னதும் கேட்க வேண்டியது இதுதான்: “எந்த வருஷக் கணக்கு சொல்றீங்க? மானியம் சேர்த்தா, சேர்க்காமலா?” பாதிப் பேர் இதோடு போய்விடுவார்கள். மீதிப் பேரோடு பேசலாம்.

29 பைசாவைவிட வலுவான எண்கள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 15-வது நிதிக்குழு (2021–26) மாநிலங்களுக்கு ஒதுக்கியது, பகிர்வுக்குரிய வரியில் 41%. வரியின் மேல் கூடுதலாகப் போடும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் அந்தத் தொகுப்புக்குள்ளேயே வராது. அந்த 41-ல் தமிழ்நாட்டின் பங்கு 4.079%; உத்தரப்பிரதேசத்துக்கு 17.939%. 13-வது நிதிக்குழுவில் நமக்கு 4.969% இருந்தது. ஏன் இப்படி? 15-வது குழு பங்கைப் பிரித்த அளவுகோல்களில் 45% எடை, தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு. மக்கள்தொகைக்கு 15%, அதுவும் 2011 கணக்கெடுப்புப்படி. பிறப்பு விகிதத்தைக் குறைத்ததற்கு 12.5%. வரி வசூலில் காட்டும் முனைப்புக்கு வெறும் 2.5%.

இதைப் போட்டால் அவர், “ஏழை மாநிலத்துக்குக் கூடப் போறதுதானே நியாயம்?” என்பார். நல்ல கேள்வி. அதற்குக் கோபப்படாதீர்கள். 45 சரியா, 30 போதுமா என்று பேசுங்கள். சண்டை அங்கே விவாதமாகிவிடும். அறிக்கையின் அட்டவணையைப் படமாகப் போடும்போது பக்க எண் தெரியட்டும். மூன்று பதிலுக்கு மேல் வேண்டாம். நீங்கள் எழுதுவது அவருக்காக என்று நினைக்காதீர்கள்; ஒரு லைக்கும் போடாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் உங்கள் வாசகர்கள்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு அடிதடி வீடியோ. ‘நம்ம ஊர்ல நடந்தது’ என்று போட்டிருக்கிறார்கள். நம்புவதா?
– திருப்பூர் வாசகி

உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 2023 மார்ச்சில் ‘தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள்’ என்று சுற்றிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் எடுத்தது, இன்னொன்று கோவை. இடம் சரி, கதை தப்பு. முன்னது வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, பின்னது உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று காவல்துறை விளக்கியது. ஆகவே ‘எங்கே’ என்பதோடு நிற்காமல் ‘எப்போது, யார்’ என்றும் பாருங்கள்.

முதலில் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அனுப்பியவருக்கே மூலம் தெரியாது. அடுத்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கடைப் பலகையும் வண்டி நம்பரும் தெரியும் இரண்டு மூன்று இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முகம் மட்டும் உள்ள படம் உதவாது. அவற்றை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் பழைய வீடியோ பெரும்பாலும் சிக்கிவிடும். சத்தத்தை நம்பாதீர்கள், அதை மாற்றுவது சுலபம்.

குழு அட்மின் நான்தான். உறுப்பினர் ஒருவர் ஏடாகூடமாக எதையாவது போட்டால் என்னைப் பிடிப்பார்களா?
– மதுரை வாசகர்

வெறும் அட்மின் என்பதற்காக உங்களைக் குற்றவாளியாக்க முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பதிவை நீங்களே வேறு குழுவுக்குத் தட்டிவிட்டால் கதை வேறு. ஃபார்வர்டு செய்வது அதை ஏற்றுக்கொண்டதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. ‘வந்ததை அப்படியே அனுப்பினேன்’ என்பது எடுபடாது. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015-ல் ரத்தானதால் பயமில்லை என்பாரும் உண்டு. ஆனால் இரு பிரிவினரிடையே பகை மூட்டுவோரைத் தண்டிக்க, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு இருக்கிறது.

முன்பின் தெரியாத பொடியன் ‘டேய்’ என்கிறான். நானும் ‘டா’ போடலாமா?
– சேலம் வாசகர்

வேண்டாம். ‘நீங்க’விலேயே நில்லுங்கள். ‘ப்ரோ’கூடப் பரவாயில்லை. இரண்டாவது ‘டேய்’க்கு பிளாக்.